ஏட்டில் இருந்த சகோதரத்துவம்: ஆல்பர்ட் பைக்

நூலறிவு பெருகப் பெருக உள்ளமும் விரிவடையும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். பல சமயங்களில் அது உண்மையே. ஆனால் எப்போதும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும் ஃப்ரீமேசன் சங்கத்தின் பெருந்தலைவராகவும் விளங்கிய ஆல்பர்ட் பைக்கின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

1809 டிசம்பர் 29 அன்று பாஸ்டன் நகரில் ஒரு காலணித் தொழிலாளியின் மகனாக அவர் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறியும், கட்டணம் செலுத்த வசதியின்மையால் அங்கே பயில இயலவில்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே தாமாகப் படித்தார். 1831-இல் மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டு, நெடுந்தொலைவு நடந்தும் அலைந்தும் இறுதியில் ஆர்கன்சா மாநிலத்தை அடைந்தார். அங்கு ஆசிரியர், பத்திரிகையாளர் எனப் படிப்படியாக உயர்ந்தார். எந்தச் சட்டக் கல்லூரியிலும் பயிலாமல் சொந்த முயற்சியால் சட்டம் கற்று, அம்மாநிலத்தின் முன்னணி வழக்கறிஞரானார். தங்கள் நிலங்களை இழந்த க்ரீக் பழங்குடியினருக்காக வாதாடி, 1850-களில் அமெரிக்க அரசிடமிருந்து இழப்பீடு பெற்றுத் தந்தது அவரது முக்கியமான பணிகளுள் ஒன்று.

1850-இல் அவர் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். கட்டடக் கலைஞரின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒழுக்கத்தின் சின்னங்களாகக் கொண்டது இச்சங்கம். கரடுமுரடான கல்லைச் செதுக்கிக் கோயிலுக்கு உரியதாக்குவதுபோல, மனிதன் தன்னைத்தானே செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதும், இறைநம்பிக்கை உடையோர் எச்சமயத்தவராயினும் சகோதரரே என்பதும் அதன் கொள்கைகள். 1859-இல் அதன் ஒரு பிரிவாகிய ஸ்காட்டிஷ் ரைட்டின் தென்பகுதித் தலைமைப் பொறுப்பு பைக்கிடம் வந்தது. இறக்கும்வரை 32 ஆண்டுகள் அப்பதவியில் இருந்த அவர், அதன் சடங்குகள் அனைத்தையும் திருத்தி எழுதினார். பல நாட்டுச் சமய, தத்துவ நூல்களிலிருந்து தாம் திரட்டியவற்றைத் தொகுத்து, 'மாரல்ஸ் அண்ட் டாக்மா' என்ற பெருநூலை 1871-இல் வெளியிட்டார்.

இந்தியர்களாகிய நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. முதுமையில் அவருடைய மனம் ரிக் வேதத்திலும் பாரசீகரின் ஜெந்த அவெஸ்தாவிலும் ஆழ்ந்தது. ஐரோப்பிய அறிஞர்களின் மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்கி, அவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். ரிக் வேதத் தேவதைகள் பற்றிய அவரது ஆய்வு, அவர் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் 1930-இல் நூலாக வெளிவந்தது.

இத்தனை கற்றவரின் மறுபக்கம் நம்மை வருந்தச் செய்கிறது. அடிமை முறையைக் காக்க எழுந்த தென் மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்று, உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றினார். 1862-இல் பீ ரிட்ஜ் போரில் பங்கேற்றார். பின்னர் மேலதிகாரிகளுடன் பிணக்குற்றுப் பதவி விலகினார். அதற்கு முன்பே, 1858-இல், சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களை ஆர்கன்சாவை விட்டு வெளியேற்றக் கோரிய அறிக்கையில் அவர் கையெழுத்திட்டிருந்தார்.

போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த பின்னரும் அவர் உள்ளம் மாறவில்லை. அவர் பிறந்த அதே பாஸ்டனில், அவர் பிறப்பதற்கு முன்பே, பிரின்ஸ் ஹால் என்னும் கறுப்பினத்தவர் தம் மக்களுக்கென ஃப்ரீமேசன் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார். அது விதிப்படி முறையானதே என்பதை 1875-இல் எழுதிய கடிதத்தில் பைக் ஒப்புக்கொண்டார். சட்டம் அறிந்தவரல்லவா! ஆனால் அவர்களைச் சகோதரர்களாக ஏற்க நேரிடுமானால், தாம் சங்கத்தையே விட்டு விலகிவிடுவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார். அறிவு கதவைத் திறந்தது. அகங்காரம் அதை அடைத்துவிட்டது.

வேதத்தையும் அவர் இக்கண்ணோட்டத்துடனேயே அணுகினார். வேத ரிஷிகளைத் தம் இனத்தின் மூதாதையராகக் கண்டு அவர்களது மேதைமையில் பெருமிதம் கொண்டார். எல்லா உயிர்களிலும் உறையும் ஒரே மெய்ப்பொருளை நாடுவதற்கு உதவ வேண்டிய நூல், அவருக்குக் குலப்பெருமையின் சான்றாயிற்று.

1891 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டனில் அவர் காலமானார். 1901-இல் அந்நகரில் எழுப்பப்பட்ட அவரது சிலையை 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் வீழ்த்தினர். 2025-இல் அது மீண்டும் நிறுவப்பட்டது. சிலை நிற்கலாமா கூடாதா என்ற விவாதம் அந்நாட்டு மக்களுக்கு உரியது. நமக்கு உரிய கேள்வி வேறு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். வறுமையை வென்ற உழைப்பும் தளராத கல்வி வேட்கையும் பைக்கிடம் நாம் கற்கத்தக்கவை. ஆனால் பிறரைச் செதுக்கும் சடங்குகளை எழுதியவர், தம்முள் இருந்த கரடுமுரடான கல்லின் ஒரு பக்கத்தில் உளியை வைக்கவே இல்லை. நாமும் உபநிடதம் படிக்கிறோம், ஒருமை பற்றிப் பேசுகிறோம். நம் வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து அருகில் அமரச் செய்கிறோமா? நாம் கற்றது எவ்வளவு என்பதை அந்தக் கணமே காட்டிவிடும்.