முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் பாடுபட்டவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் நோய் முற்றுமுன் அதனைக் கண்டறிய வேண்டும், அதற்கான செலவு ஏழைகளின் தலையில் விழக்கூடாது என்னும் எண்ணம் இவரது மருத்துவப் பணியிலும் அரசியல் பணியிலும் ஒருசேரக் காணப்படுகிறது. புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி என்று கருதப்பட்ட காலத்தில் அதற்கெனத் தனி மருத்துவமனை கேட்டவர் இவர்.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். தாயின் குலத்துப் பெண்கள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டதை இளமையிலேயே அறிந்திருந்தமை இவரது பிற்காலப் பணிகளுக்கு ஒரு காரணமாயிற்று. திரைப்பட நடிகர் ஜெமினி கணேசன் இவருடைய உறவினர்.

பெண்கள் பருவமெய்தியதும் படிப்பை நிறுத்திவிடும் வழக்கம் இருந்த காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்ப்பதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி அனுமதி அளித்தார்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று எழுதுவோர் உண்டு; அது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் 1886ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தகுதி பெற்றுவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1870களிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் படித்துள்ளனர். தமிழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற தொடக்ககால இந்தியப் பெண்களுள் ஒருவர் என்பதே பொருத்தமாகும்.

1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மக்கள். இளையவரான கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவரானார்.

தங்கையின் மறைவு

1923ஆம் ஆண்டு முத்துலட்சுமியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அவர் நோயுற்றிருந்த நாட்களில் முத்துலட்சுமியே உடனிருந்து கவனித்தார். தாம் ஒரு மருத்துவராக இருந்தும், நகரின் சிறந்த மருத்துவர்கள் அறிமுகமானவர்களாக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலாமற் போனது அவரை ஆழமாகப் பாதித்தது.

மலக்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலத்துடன் இரத்தம் வெளிப்படுவதே. மூலம் என்றோ சீதபேதி என்றோ அதனை எளிதில் தவறாகக் கருதிவிடலாம். வலியும் உடல் மெலிவும் தோன்றுவதற்குள் நோய் பரவியிருக்கும். அறுவை மருத்துவமும் ரேடியக் கதிர் மருத்துவமும் தவிர அக்காலத்தில் வேறு மருத்துவம் இல்லை. அவ்விரண்டும் நோய் ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போதே பயன் தந்தன. வேதிமருந்துகள் வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. எனவே எந்த நிலையில் நோய் கண்டறியப்படுகிறது என்பதே உயிர் பிழைப்பதைத் தீர்மானித்தது.

1925ஆம் ஆண்டு அரசு உதவியுடன் இங்கிலாந்து சென்று இலண்டன் செல்சி மகளிர் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார். அந்நகரின் இராயல் புற்றுநோய் மருத்துவமனையையும் அங்கு இருந்தபோது அறிந்துகொண்டார். புற்றுநோய்க்கு மட்டுமென ஒரு மருத்துவமனை, அதில் ஆய்வும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் என்ற அமைப்பு அவர் மனத்தில் பதிந்தது.

சட்டமன்றப் பணிகள்

நாடு திரும்பிய பின் 1926ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மேலவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் இது பெரிய நிகழ்வாகும்.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக இவர் கொண்டுவந்த தீர்மானமும் சட்டமுன்வரைவும் நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பின. மரபு காக்க வேண்டும் என்போர் எதிர்த்தனர். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரசுத் தலைவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் ஆதரித்தது. 1929ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் மானிய நிலங்களைக் கோயில் பணிக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முழுமையாகத் தடை செய்த சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

அதிகம் பேசப்படாத மற்றொரு பணி, பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென இவர் மேலவையில் வலியுறுத்தியதாகும். நோயென்று சொல்லி வருபவருக்கு மட்டுமன்றி, நலமாக இருப்பதாகத் தோன்றுபவரையும் பொதுச் செலவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். காசநோய், கண் குறைபாடு, சத்துக்குறைவு போன்றவற்றைக் கருதிச் சொல்லப்பட்டாலும், பின்னர் புற்றுநோய் முற்கண்டறிதலுக்கு அடிப்படையாக அமைந்த கொள்கையும் இதுவே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதிகள், பெண் கல்வி, திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காகவும் குரல் கொடுத்தார். 1928ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஹார்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்து, வேறு விடுதிகளில் இடம் கிடைக்காமல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமியருக்கு அடைக்கலம் அளித்தார். 1930களின் தொடக்கத்தில் உருவான அவ்வை இல்லத்துக்கு இதுவே வித்து. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கான இந்நிறுவனம் அடையாற்றில் பள்ளிகளுடன் வளர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் தம் விருப்பத்தை முத்துலட்சுமி வெளியிட்டார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டு பர்னார்டு கதிரியல் கழகம் தொடங்கப்பட்டுக் கதிர் மருத்துவம் செய்யப்பட்டு வந்தது. ஆயினும் கண்டறிதல், மருத்துவம், தொடர் கவனிப்பு, ஆய்வு ஆகிய யாவும் ஓரிடத்தில் கிடைக்கும் நிறுவனம் தென்னிந்தியாவில் இல்லை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

அரசின் ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறக்கப் போகிறவர், அவருக்காக ஏன் பணம் செலவிட வேண்டும் என்னும் எண்ணமே பொறுப்பில் இருந்தோரிடமும் நிலவியது. மருத்துவர்களுள்ளும் பலர் ஐயுற்றனர். இவ்வெண்ணம் தன்னைத் தானே மெய்ப்பித்துக் கொள்ளும் இயல்புடையது என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவம் இல்லை என்று நம்புபவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. கடைசி நிலையில் வந்து இறக்கிறார். அவருடைய இறப்பு பிறர் நம்பிக்கையையும் குலைக்கிறது. தொடக்க நிலையில் வந்து குணமான சிலரைக் காட்டுவதன்றி இதை உடைக்க வேறு வழியில்லை.

இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949ஆம் ஆண்டு புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்திருந்த முத்துலட்சுமி கொடையாளர்களை நாடிச் சென்று பொருள் திரட்டினார். வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகன் கிருஷ்ணமூர்த்தி உடன் உழைத்தார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அது பெரிய கட்டடம் அன்று. சிறு குடில் போன்ற அமைப்பே. 1955ஆம் ஆண்டு மருத்துவர் சாந்தா பணியில் சேர்ந்தார். பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவரான சாந்தா, 2021ஆம் ஆண்டு மறையும் வரை அவ்வளாகத்திலேயே வாழ்ந்தவர்.

1957ஆம் ஆண்டு கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர் மருத்துவக் கருவி நிறுவப்பட்டது. பணம் செலுத்த இயலாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் அளிப்பது தொடக்கம் முதல் கொள்கையாக இருந்தது. 1975ஆம் ஆண்டு நடுவண் அரசு இதனை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது.

இலவச மருத்துவம் இருந்தாலும் தொலைவு ஒரு தடையாகவே நீடித்தது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் போன்ற கடலோரச் சிற்றூரிலிருந்து அடையாற்றுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். நாள்தோறும் வலை வீசிப் பிழைப்பவருக்கோ வயல் வேலைக்குச் செல்பவருக்கோ வலியற்ற ஒரு கட்டிக்காக இப்பயணம் இயல்வதன்று. முற்கண்டறிதல் ஊர் தேடி வந்தாலன்றி இத்தகையோரை எட்டாது.

முற்கண்டறிதல்: பிற்கால வளர்ச்சி

முத்துலட்சுமியின் தங்கையைக் கொன்ற நோயுடன் தொடர்புடைய ஒரு புரதம் 1965ஆம் ஆண்டு, முத்துலட்சுமி உயிருடன் இருந்தபோதே, கனடாவின் மொன்றியால் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோரால் கண்டறியப்பட்டது. சி.ஈ.ஏ. எனப்படும் இதனை இரத்தத்தில் அளக்கலாம். ஒரு துளி இரத்தத்தால் குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால் நோயின் தொடக்க நிலையில் பலருக்கு இதன் அளவு உயர்வதில்லை. புகைபிடிப்போர்க்கும் கல்லீரல் நோயாளர்க்கும் புற்றுநோய் இன்றியே உயர்கிறது. ஆகவே மருத்துவத்திற்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கவே இது பயன்பட்டு வருகிறது.

சூலகப் புற்றுநோய்க்கான சி.ஏ. 125 சோதனையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டு வெளியானது. இச்சோதனையால் நோய் சற்று முன்னதாகக் கண்டறியப்பட்டபோதிலும் இறப்பு குறையவில்லை என்று அது காட்டியது. முன்னதாக அறிவதும் உயிர் காப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

புற்றணுக்களிலிருந்து இரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் புதிய முறைகள் பின்னர் வந்தன. குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான ஷீல்டு என்னும் இரத்தப் பரிசோதனைக்கு 2024ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 45 வயதும் அதற்கு மேலும் உடையவர்களுக்கு ஒப்புதல் அளித்தது; அந்நாட்டு முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதன் செலவை ஏற்றது. நோயற்றவராகத் தோன்றுபவரின் இரத்தச் சோதனை இவ்வாறு காப்பீட்டுப் பயன்களுள் ஒன்றாயிற்று. இச்சோதனை நூறு குடல் புற்றுநோயாளருள் ஏறத்தாழ 83 பேரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் புற்றாக மாறக்கூடிய முதிர்ந்த கட்டிகளுள் 13 விழுக்காட்டையே காட்டுகிறது. அக்கட்டிகளைக் காணவும் அகற்றவும் குடல் உள்நோக்கிச் சோதனையே சிறந்தது. சோதனையில் நோய்க்குறி தெரிந்தால் உறுதி செய்யவும் அதுவே தேவை. எனவே இரத்தச் சோதனைக்கு மட்டும் காப்பீடு அளித்து அடுத்த படிக்கு அளிக்காவிட்டால் பயனில்லை.

தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ஆம் ஆண்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. புற்றுநோய்க்கான அறுவை மருத்துவம், கதிர் மருத்துவம், வேதிமருத்துவம் ஆகியவை இவற்றில் இடம்பெற்றன. முற்கண்டறிதல் காப்பீட்டின் வழியாக அன்றி, பெரும்பாலும் அரசின் பொதுச் சுகாதாரப் பணி வழியாகவே நடைபெறுகிறது. 2007ஆம் ஆண்டு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்னோடித் திட்டம் நடத்தப்பட்டுப் பின்னர் பிற மாவட்டங்களுக்கு விரிந்தது. அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தறியும் எளிய முறை அது, ஆய்வுக்கூடம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கு மட்டும் 30 வயதைக் கடந்தோரைச் சோதிக்கச் சொல்கிறது. மூன்றுமே நேரடியாகப் பார்த்தும் தொட்டும் அறியப்படுபவை. மலக்குடல் புற்றுநோய் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

மறைவும் நினைவும்

1956ஆம் ஆண்டு இந்திய அரசு முத்துலட்சுமி ரெட்டிக்கு பத்மபூசண் விருது வழங்கியது. 1964ஆம் ஆண்டு தன்வரலாற்று நூல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. 1968ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று, 82 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், சென்னையில் காலமானார்.

ஏழைக் கருவுற்ற பெண்களுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இத்திட்டத்தின் உதவித்தொகை 2006ஆம் ஆண்டு 6,000 ரூபாயாகவும், 2011ஆம் ஆண்டு 12,000 ரூபாயாகவும், 2018ஆம் ஆண்டு 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவர் பிறந்த நாளான ஜூலை 30ஐ அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாட 2019ஆம் ஆண்டு தமிழக அரசு முடிவு செய்தது.