குண்டின் வேகத்தை அளந்தவர்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தேவனாம்பட்டினம் என்றதும் நம் மாணவ நண்பர்களுக்குக் கடற்கரையும் மாலைக் காற்றும் நினைவுக்கு வரும். வரலாற்றுத் துறையினருக்குப் புனித டேவிட் கோட்டையும் கிளைவும் நினைவுக்கு வருவர். இயற்பியல் பயிலும் எனக்கோ, அக்கோட்டையில் 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் காய்ச்சலால் உயிர் நீத்த ஓர் ஆங்கிலேயரின் பெயரே முதலில் தோன்றுகிறது. அவர் பெஞ்சமின் ராபின்ஸ். பறக்கும் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க முறையில் முதன்முதலாக அளந்து காட்டியவர். நம் எந்திரவியல் பாடநூலில் உந்த அழியாமைக்கு எடுத்துக்காட்டாக வரும் பாலிஸ்டிக் ஊசல் அவர் தந்ததே. அந்தக் கணக்கைப் போட்டு மதிப்பெண் வாங்கும் நாம், அதைத் தந்தவர் நம் ஊர் மண்ணில் மறைந்தார் என்பதை அறியாமலே பட்டம் பெற்றுப் போய்விடுகிறோம்.

இங்கிலாந்தில் பாத் நகரில் 1707ஆம் ஆண்டு ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாக ராபின்ஸ் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் நெறியினர். ஆயுதம் ஏந்துவதும் போர் செய்வதும் பாவம் என்பது அவர்களது கொள்கை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை பீரங்கிக் கலையின் ஆசானாக வளர்ந்தது விந்தைதான்! கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றார். நியூட்டனின் பெருநூலுடைய மூன்றாம் பதிப்பைச் செப்பனிட்ட பெம்பர்ட்டன் என்பாரின் ஆதரவு கிட்டவே, இலண்டன் சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1727இல், இருபதாம் வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நம்மில் பலர் அந்த வயதில் அரியர் தாள்களோடு போராடிக்கொண்டிருக்கிறோம்!

அக்காலத்தில் பீரங்கிக் கணக்கு எப்படி இருந்தது? எறிபொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ சொன்னார். காற்று மிக மெல்லியது, கனத்த ஈயக் குண்டை அது என்ன செய்துவிடும் என்று நூலோர் எண்ணினர். ஆகவே காற்றே இல்லாததுபோல் கணக்கிட்டுக் கோண அட்டவணைகள் எழுதினர். களத்தில் நின்ற பீரங்கிக்காரனோ அட்டவணையை ஒதுக்கிவிட்டுக் கைப்பழக்கத்தை நம்பினான். ஏட்டுக்கும் களத்துக்கும் இடையே இருந்த இந்தப் பிளவுதான் ராபின்ஸை இழுத்தது. பிளவை மூட வேண்டுமானால் குண்டின் வேகம் தெரிய வேண்டும். கண்ணுக்கே புலப்படாமல் பறப்பதை எப்படி அளப்பது?

அவர் கண்ட வழி மிக எளியது. மூன்று கால்களின் நடுவே, முகத்தில் மரப்பலகை பொருத்திய ஓர் இரும்பு ஊசலைத் தொங்கவிட்டார். அதன் எடை சுமார் 56 பவுண்டு. குண்டு பலகையில் பாய்ந்து தங்கியதும் ஊசல் மெல்லப் பின்னால் ஆடும். ஊசலின் அடியில் கட்டிய நாடா, ஆட்டத்தின் அளவுக்கு வெளியே இழுபடும். அந்த நாடாவின் நீளமும் ஊசலின் எடையும் குண்டின் எடையும் தெரிந்தால் போதும், குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். பிடிக்க முடியாத வேகத்தைப் பிடிக்கக்கூடிய வேகமாக மாற்றிவிட்டார்!

அவ்வாறு அளந்தபோது முக்கால் அங்குலக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1700 அடி வேகத்தில் செல்வது தெரிந்தது. காற்று இல்லையென்றால் அந்த வேகத்தில் 45 பாகையில் சுடப்பட்ட குண்டு 17 மைல் போக வேண்டும். நாம் தாளில் போட்டாலும் அந்த விடையே வரும். உண்மையில் அது அரை மைல்கூடப் போவதில்லை. ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்து, காற்று அக்குண்டின் மீது செலுத்தும் தடை அதன் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்று ராபின்ஸ் கண்டார். மெல்லிய காற்றென்று எண்ணியவர்கள் வாயடைத்தனர். 1742இல் வெளிவந்த பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்ற நூலில் இவையெல்லாம் உள்ளன. அது தடித்த நூலன்று. வூலிச் இராணுவக் கல்விக்கழகத்தில் ஆசிரியப் பதவி கிட்டும் என்று எண்ணித் திரட்டிய பாடக் குறிப்புகளே நூலாயின. பதவி வேறொருவருக்குப் போயிற்று.

இந்நூலில் என்னை மிகவும் கவர்ந்தது வெடிமருந்தைப் பற்றி அவர் காட்டிய கவனம். உலர்ந்த நாளில் 1700 அடி வேகம் தரும் அதே அளவு மருந்து, ஈரக் காற்று வீசும் நாளில் 1200, 1300 அடிக்கு மேல் தருவதில்லை என்று அவர் அளந்து எழுதினார். துப்பாக்கியும் குண்டும் மாறவில்லை. மருந்து ஈரம் உறிஞ்சியதால் வேகம் மாறிற்று.

அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுந்தூரக் குறிபார்ப்போர் இன்று செய்வதும் இந்தக் கவனத்தின் வழிவந்ததே. தொழிற்சாலையில் வாங்கிய ரைபிளில் கைவைக்காமல், தோட்டாவை மட்டும் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். சுட்ட பித்தளை உறையைச் சீர்செய்து, புதிய கேப்பு பொருத்தி, ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கான கிரெயினை மேலும் பத்தாகப் பகுத்து மருந்தை நிறுத்து, எல்லாக் குண்டுகளையும் ஒரே ஆழத்தில் அமர்த்துகின்றனர். பிறகு குரோனோகிராஃப் என்னும் கருவியால் வேகத்தை அளக்கின்றனர். ஏன் இத்தனை பாடு? ஒரு விநாடி பறக்கும் குண்டு 16 அடி கீழிறங்கும். அடுத்த குண்டின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும், அதே இலக்கை அடைவதற்குள் அது இன்னும் 4 அங்குலம் தாழ்ந்துவிடும். தேசிய மாணவர் படையில் 25 கெஜத்தில் சுட்டுப் பழகிய நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கும்; அத்தொலைவில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. (நம் நாட்டில் உரிமம் இன்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே விடுதி அறையில் யாரும் முயல வேண்டாம்!)

குண்டு ஏன் பக்கவாட்டில் விலகுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். ஒரு துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்றே இடப்புறம் வளைத்துச் சுட்டார். வழியில் மெல்லிய தாள் திரைகளை நிறுத்தியிருந்தார். குண்டு முதலில் இடப்பக்கம் சென்றது. பிறகு வளைந்து திரும்பி வலப்பக்கம் போயிற்று! குழலின் வலச் சுவரில் உராய்ந்து சுழன்ற குண்டைக் காற்று வலப்புறம் தள்ளியது என்பது அவர் விளக்கம். மாமேதை ஆய்லர் 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய உரையும் எழுதினார். ஆயினும் குண்டு வளைவதற்குச் சுழற்சி காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. குண்டின் உருவக் குறைதான் காரணம் என்றார். இந்த ஒன்றில் ஆய்லர் தவறினார், தையற்காரர் மகன் வென்றார். ஆனால் பாடநூல்களில் அவ்விளைவு, நூறாண்டுக்குப் பின் 1852இல் ஆராய்ந்த மாக்னஸின் பெயரால் வழங்குகிறது. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் வளைவதும் இதுவே.

சுழற்சியைத் தடுக்க முடியாதென்றால் அதை நமக்கு ஏற்ற திசையில் சுழலச் செய்யலாமே என்று அவர் எண்ணினார். உட்புறம் மரை வெட்டிய குழல், குண்டைப் பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழற்றும். அப்போது அது விலகாது. 1747இல் இதை ராயல் சொசைட்டியில் படித்தபோது, மரைக் குழலை முழுமையாக்கித் தன் படைக்கு முதலில் தரும் நாடு மற்றவற்றை விஞ்சும் என்றும் கணித்தார். அதற்கு முந்தைய ஆண்டே காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. கொல்லும் கருவியைக் கூர்மையாக்கியதற்கா இத்தனை புகழ் என்று என் மனம் கேட்கத்தான் செய்கிறது. குவேக்கர் வீட்டுப் பிள்ளையின் மனம் அதைக் கேட்டதா?

1749இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கோட்டைகளின் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. சென்னை அப்போதுதான் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீண்டிருந்தது. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினமே. 1750 ஜூலையில் வந்திறங்கினார். வானியல் ஆய்வுக் கருவிகளையும் உடன் கொணர்ந்திருந்தார். சென்னைக் கோட்டைக்கும் இக்கோட்டைக்கும் வரைபடங்கள் தீட்டத் தொடங்கினார். இரண்டே மாதத்தில் காய்ச்சல் கண்டது. தேறினார்; மீண்டும் விழுந்தார். மறு ஆண்டு ஜூலையில் முடிந்துபோனார். வயது 44. மணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டதால், அந்த ஆண்டை வரலாறு அவருக்கே கொடுத்துவிட்டது.

ராபின்ஸ் வலுப்படுத்த வந்த கோட்டையை 1758 ஜூனில் லாலியின் பிரெஞ்சுப் படை கைப்பற்றித் தகர்த்தது. அவருடைய எழுத்துகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் திரட்டி, 1761இல் இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.