ஒப்பனைக்குப் பின்னும் அதே முகம்: ரிதுபர்ண கோஷ் வாழ்வும் கலையும்

செபராங் ஜெயாவில் புதுத் தமிழ்ப் படம் வெளியானால், வார இறுதியில் நம் மாணவர் கூட்டத்தைத் திரையரங்கு வாசலில் காணலாம். நாயகன் திரையில் தோன்றியதும் விசில் பறக்கும். அவன் ஒரு பெண்ணைத்தான் காதலிப்பான் என்பதில் நமக்கு ஐயமே இருப்பதில்லை. திரைக்கு வெளியிலும் அந்த நடிகர் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பை ஒருவர் உடைத்தால், தாம் ஒருபால் ஈர்ப்பு உடையவர் என்பதை மறைக்காமல் வாழ்ந்தால், அவருடைய கலை வாழ்வு என்னவாகும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர் வங்கத் திரைக் கலைஞர் ரிதுபர்ண கோஷ்.

இளமையும் தொடக்கமும்

ரிதுபர்ண கோஷ் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் சுனில் கோஷ் ஓவியர். ஆவணப் படங்களும் எடுத்தவர். ஆகவே படக்கருவியும் தூரிகையும் வீட்டிலேயே அறிமுகமாயின. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற அவர், பின்னர் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் பணியில் சேர்ந்தார். போரோலின் களிம்புக்காக அவர் எழுதிய வங்காள விளம்பரங்கள் வீடுதோறும் பேசப்பட்டன. சில சொற்களில் மனத்தைத் தொடும் வித்தையை அங்குதான் அவர் பழகினார் எனலாம்.

1992இல் சிறுவர்களுக்கான ‘ஹீரேர் ஆங்டி’ படத்தை இயக்கினார். 1994இல் வந்த ‘உனிஷே ஏப்ரல்’, ஒரு நடனக் கலைஞருக்கும் அவர் மகளுக்கும் இடையிலான மனக்கசப்பைச் சொன்னது. அப்படம் இந்தியாவின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ‘தஹன்’ (1997), ‘பாரிவாலி’ (1999), ‘உத்ஸவ்’ (2000) எனத் தொடர்ந்து வந்தன. ‘உத்ஸவ்’ அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைத் தந்தது. தாகூரின் நாவலைத் தழுவிய ‘சோக்கேர் பாலி’ (2003) படத்தில் ஐஸ்வர்யா ராய் நடித்தார். சத்யஜித் ராய்க்குப் பிறகு திரையரங்கை விட்டு விலகியிருந்த வங்க நடுத்தர வர்க்கக் குடும்பங்களை மீண்டும் அங்கே அழைத்து வந்தவர் என்ற புகழ் அவரைச் சேர்ந்தது. பெண்களின் மனத்தை இத்தனை நுட்பமாக அறிந்தவர் யார் என்று ஊரே வியந்தது.

மேடையும் வீதியும்

அவருடைய நடையிலும் பேச்சிலும் இயல்பாக இருந்த பெண்மையை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பிற்காலத்தில் கண்ணுக்கு மை தீட்டி, காதணியும் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து பொது மேடைகளில் தோன்றினார். ஆண், பெண் என்ற இரு கட்டங்களுள் ஒன்றில் தம்மை அடைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. படங்களைப் போற்றிய அதே மக்களில் ஒரு பகுதியினர் இப்போது முகம் சுளித்தனர். தொலைக்காட்சியில் அவரைப் போல் பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு செய்த நகைச்சுவைக் கலைஞர் ஒருவரைத் தம் நேர்காணல் நிகழ்ச்சிக்கே அழைத்தார் ரிதுபர்ண. அந்தக் கேலி தம்மை மட்டுமன்று, அதே இயல்போடு வாழும் எத்தனையோ பேரைக் காயப்படுத்துகிறது என்பதை எதிரில் அமர்த்தி எடுத்துச் சொன்னார்.

நம் தமிழ் மேடைக்கும் இது புதிதன்று. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஆண்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். ஔவையாராக நடித்த டி.கே.சண்முகம், அவ்வேடத்தின் பெயராலேயே ஔவை சண்முகம் என்று போற்றப்பட்டார். சிவாஜி கணேசனும் இளமையில் பெண் வேடம் கட்டியவரே. வேடமாக இருக்கும்வரை நாம் கைதட்டுகிறோம். ஒப்பனையைக் கலைத்த பின்னும் அதே முகம்தான் என்று ஒருவர் சொன்னால் மட்டும் கைகள் நின்றுவிடுகின்றன.

நடிகராக ரிதுபர்ண

2003இல் ஒடியா மொழிப் படமொன்றில் அவர் நடித்திருந்தார். ஆனால் நடிகராக அவரை நாடு அறிந்தது 2010இல் கௌசிக் கங்கூலி இயக்கிய ‘ஆரேக்டி பிரேமேர் கல்போ’ மூலம்தான். ஜாத்ரா நாடகங்களில் பெண் வேடமிட்டுப் புகழ்பெற்று, பின்னர் நடிகைகள் வந்ததும் வாய்ப்பிழந்த சபல் பாதுரியின் வாழ்வைத் தொட்ட படம் அது. அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இயக்குநராகவும், இளவயது சபலாகவும் ரிதுபர்ண இரு வேடங்களில் தோன்றினார். அடுத்து ‘மெமரீஸ் இன் மார்ச்’. விபத்தில் மகனை இழந்த தாய், அவன் நேசித்தது ஓர் ஆணை என்று அறியும் கதை. தாயாக தீப்தி நவல், மகனின் துணைவராக ரிதுபர்ண. கதை வசனமும் அவருடையதே.

2012இல் தாமே இயக்கி நடித்த ‘சித்ராங்கதா’ வெளிவந்தது. ஆணாக வளர்க்கப்பட்டு அர்ச்சுனனைக் காதலித்த மணிப்பூர் இளவரசியின் கதையைத் தாகூர் நாட்டிய நாடகமாக்கினார். நமக்கு அல்லி அரசாணி நினைவுக்கு வரலாம். அக்கதையைப் பின்னணியாக வைத்து, தம் உடலை மாற்றிக்கொள்ள முனையும் நடன ஆசிரியரின் போராட்டத்தைப் படமாக்கினார் ரிதுபர்ண. அதற்குத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

இழந்ததும் பெற்றதும்

ஹாலிவுட்டில் 1930ஆம் ஆண்டு வசூலில் முன்னணியில் நின்ற வில்லியம் ஹெய்ன்ஸ் என்னும் நடிகரின் கதையை இங்கு ஒப்பிடலாம். துணைவர் ஜிம்மி ஷீல்ட்ஸைக் கைவிட்டு ஒரு பெண்ணை மணக்கும்படி எம்.ஜி.எம். நிறுவனத் தலைவர் லூயி மேயர் வற்புறுத்தினார். ஹெய்ன்ஸ் மறுத்தார், ஒப்பந்தம் முறிந்தது. 1934க்குப் பிறகு அவர் நடிக்கவேயில்லை. வீட்டு உள் அலங்காரத் தொழிலில் புகழ்பெற்று, 1973இல் இறக்கும்வரை அதே துணைவருடன் வாழ்ந்தார்.

ஹெய்ன்ஸுக்கு மூடிய கதவு ரிதுபர்ணவுக்கு மூடாதது ஏன்? நடிகர் பிறர் அழைப்புக்காகக் காத்திருப்பவர். ரிதுபர்ணவோ தாமே எழுதவும் இயக்கவும் வல்லவர். பல ஆண்டுகளின் நற்பெயரைச் சேர்த்து வைத்த பிறகே நடிக்க வந்தார். 2009 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியதும் அக்காலச் சூழலுக்குத் துணை நின்றது. ஆயினும் விலை கொடுக்காமல் இல்லை. தம் ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகிப் போனதை அவரே உணர்ந்திருந்தார். நடிகராக அவருக்கு அமைந்த முக்கிய வேடங்கள் மூன்றும் இந்த ஒரே வட்டத்துக்குள் அடங்கின. ஒரு சாதாரண தந்தையாகவோ வழக்கறிஞராகவோ அவரைத் திரையில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை.

நீரிழிவும் கணைய நோயும் வாட்ட, 2013 மே 30ஆம் நாள் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 49. இறுதிப் படமான ‘சத்யான்வேஷி’ அவர் மறைவுக்குப் பின் வெளியானது. கேலி செய்த நகரமே திரண்டு வந்து அழுதது. மேற்கு வங்க அரசு மரியாதையுடன் விடை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வந்த தீர்ப்பு, வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என்றது. அதைக் காண அவர் இல்லை. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அச்சட்டத்தின் கிளை நம் நாட்டிலும் இன்னும் இருக்கிறது.

சட்டத்தை மாற்றுவது மாணவர் கையில் இல்லை. ஆனால் நம் கலை இரவுகளின் நகைச்சுவை நாடகங்கள் நம் கையில்தான் உள்ளன. மென்மையாக நடக்கும் ஒரு மாணவனைப் போல் நடித்துக் காட்டினால் அரங்கம் அதிரும் என்பது நமக்குத் தெரியும். அந்த அரங்கில் கடைசி வரிசையில் சிரிக்காமல் ஒருவன் அமர்ந்திருக்கக்கூடும். ரிதுபர்ண அந்தக் கலைஞரை எதிரில் அமர்த்திப் பேசியது அவனுக்காகவும்தான். அடுத்த கலை இரவுக்கு நாடகம் எழுத அமரும் நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.