மீளாத காவலன்

முன்னேறும் படைக்கு வீரம் வேண்டும். பின்வாங்கும் படைக்கோ அதனினும் மிகுதியான வீரம் வேண்டும். முன்னேறுபவனுக்குப் பகைவன் எதிரே நிற்கிறான். பின்வாங்குபவனை அவன் நாற்புறமும் சூழ்ந்து நிற்கிறான். அவ்வாறு பின்வாங்கிய ஒரு படைக்கு வானத்திலிருந்து குடை பிடித்து, அப்பணியிலேயே உயிர் நீத்தவர் ஜெஸ்ஸி பிரவுன்.

1926ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஹாட்டிஸ்பர்க் நகரில், ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பேருந்து இருக்கை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம் அது. காட்டில் பாடுபட்ட அச்சிறுவனின் கண்ணோ வானில் பறந்த விமானங்களின்மேல் இருந்தது. கறுப்பினத்தவரை விமானி ஆக்காதது என்ன நீதி என்று, 1937இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அவர் கருத்தை மதிப்பதாக மறுமொழி வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

1944இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் இரயில் பெட்டிகளில் சரக்கு ஏற்றும் வேலை. வீட்டிலிருந்து பணம் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் நம்மில் பலருக்கு இது நாணம் தரும் செய்தி. பின்னர்க் கடற்படையில் சேர்ந்து, 1948 அக்டோபரில் விமானிக்குரிய சின்னத்தைப் பெற்றார். அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவரே. இதற்கிடையில், பயிற்சி மாணவர் மணம் செய்யலாகாது என்ற விதியை மீறி, டெய்சி என்னும் தம் காதலியை மறைவாக மணந்திருந்தார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

1950இல் கொரியப் போர் மூண்டது. பிரவுன் பணியாற்றிய லெய்ட்டி என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே விரைந்தது. நவம்பர் 27ஆம் நாள், சோசின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலைகளில், ஐக்கிய நாடுகள் படையினர் ஏறத்தாழ 30,000 பேரைச் சீனப் படையினர் 1,20,000 பேர் வளைத்துக் கொண்டனர். ஹங்னம் துறைமுகம் சேர ஒரே ஒரு மலைப்பாதை. நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். குளிரோ சுழிக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கியது. துப்பாக்கிகள் இறுகிப் போயின. காயம்பட்டோருக்கு ஏற்ற வைத்திருந்த இரத்த நீரும் உறைந்து போயிற்று.

அந்தப் பாதையைக் காத்தவை விமானங்கள். கப்பல்களில் ஜெட் விமானங்களும் இருந்தன. ஆனால் ஜெட் தாழப் பறந்தால் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். பள்ளத்தாக்கின்மேல் நெடுநேரம் வட்டமிட்டு, நடந்து வரும் படையைக் காக்கச் சுழல்விசிறி பூட்டிய பழைய கோர்சேர் விமானமே ஏற்றது. பிரவுன் ஓட்டியதும் அதுவே.

டிசம்பர் 4ஆம் நாள், தரையிலிருந்து சுட்ட குண்டு பட்டு அவர் விமானம் ஆற்றல் இழந்தது. பனிமலைச் சரிவில் மோதி இறங்கினார். கால் சிதைந்த விமானத்துக்குள் சிக்கிக் கொண்டது, முன்பகுதி புகைந்தது. உடன் பறந்த தாமஸ் ஹட்னர், வசதியான வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளை. அவர் எவரையும் கேட்கவில்லை. தம் விமானத்தையும் சக்கரம் விரிக்காமல் அதே சரிவில் மோதி இறக்கினார். வெறுங்கையால் பனியை அள்ளிப் புகையின்மேல் அப்பினார். ஹெலிகாப்டரில் வந்தவர் கோடரி கொண்டு வந்தார்; உலோகம் அசையவில்லை. டெய்சியிடம் தம் அன்பைச் சொல்லுமாறு வேண்டிக்கொண்டு, பிரவுன் நினைவிழந்தார். இருள் சூழவே, மற்ற இருவரும் அவரை விட்டுப் பிரிய நேர்ந்தது. அவருக்கு வயது 24.

அவர் காத்த படை துறைமுகம் சேர்ந்தது. டிசம்பர் 24க்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் வீரரும், அதற்குச் சற்றுக் குறைவான அகதிகளும் கப்பலேறித் தப்பினர். 1951இல் ஹட்னர் தம் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார். 2013இல், தம் 88ஆம் வயதில், நண்பரின் உடலைத் தேடி வடகொரியாவுக்கே சென்றார். பெருமழை வழியை மறித்தது. 2017இல் அவரும் மறைந்தார்.

அறிவியல் படிக்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. குளிர் மிஞ்சினால் எந்த உடலும் உறையும். ஆற்றல் தீர்ந்தால் எந்த இயந்திரமும் நிற்கும். இயற்கையின் விதிகளுக்கு நிறம் தெரியாது. மனிதன் வகுத்த விதிகளுக்குத்தான் தெரிகிறது. நிறம் என்ற சொல் இருக்கும் இடத்தில் நம் நாட்டுச் சொல் ஒன்றை வைத்துப் பாருங்கள், நண்பர்களே. நம் பக்கத்து அறையில் இருப்பவனுக்காக நாம் அந்தப் பனியில் இறங்குவோமா?