தோக்கியோவில் தனித்து நின்ற நீதிபதி

கடந்த தவணையில் எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் விவாதப் போட்டி ஒன்று நடந்தது. போர் நடத்தும் தலைவர்களுக்கு எதிராக அனைத்துலக நீதிமன்றம் கைது ஆணை பிறப்பிப்பது போரை முடிவுக்குக் கொண்டுவர உதவுமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எங்கள் குழுவுக்கு 'உதவாது' என்ற பக்கம் விழுந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் என் குடும்பக் கதை.

சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டு வரைக்கும் கொமுட்டர் ரயிலின் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் பாட்டி தம் அப்பாவைப் பற்றிப் பேசுவார். ஜப்பான் காலத்தில் ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். பாட்டி அப்போது கைக்குழந்தை. போனவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், என்றைக்கு இறந்தார் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் இன்றும் ஆடி அமாவாசையில்தான் எங்கள் வீட்டில் அவருக்குப் படையல்.

வாதத்துக்குக் குறிப்பு தேடியபோது எனக்குக் கிடைத்த பெயர் ராதாபினோத் பால். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ நீதிமன்றத்தில் அமர்ந்த இந்திய நீதிபதி. எல்லாரையும் விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதியவர். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவருடைய வாழ்க்கையைப் படித்தேன்.

கணித ஆசிரியர்

பால் 1886 ஜனவரி 27ஆம் நாள் வங்காளத்தின் சாலிம்பூர் கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. ஏழைக் குடும்பம். உபகாரச் சம்பளமும் பிறர் உதவியுமாகப் படித்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றார். மைமன்சிங் நகரக் கல்லூரியில் கணித விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே சட்டமும் படித்தார். 1924இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர், 1941இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி, 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1946இல் தோக்கியோவிலிருந்து அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 60.

பதினோரு நாற்காலிகள்

1946 மே 3ஆம் நாள் விசாரணை தொடங்கியது. முன்னாள் பிரதமர் தோஜோ உட்பட 28 பேர் மீது குற்றச்சாட்டு. 11 நாடுகளிலிருந்து 11 நீதிபதிகள். இந்தியாவுக்கும் பிலிப்பீன்சுக்கும் முதலில் இடமில்லை, பிறகுதான் சேர்த்தார்கள். மனைவியின் உடல்நலக் குறைவால் பால் பல நாள் அமர்வுக்கு வரவில்லை. இன்றும் அவர் மீது சொல்லப்படும் குறை அது.

1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார்கள். ஒருவர் மனநலம் குன்றியவர் என்று விடப்பட்டார். மீதி 25 பேரும் குற்றவாளிகள் என்றது பெரும்பான்மை. தோஜோ உட்பட ஏழு பேர் அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்கள். வேறு சில நீதிபதிகளும் மாறுபட்டு எழுதினார்கள். ஆனால் 1,200 பக்கங்களுக்கு மேல் எழுதி, 25 பேரையும் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவிக்கச் சொன்னவர் பால் மட்டுமே.

அவருடைய வாதம் எளிமையானது. ஒரு செயல் நடந்தபோது அது குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை என்றால், பிறகு சட்டம் செய்து தண்டிக்கக்கூடாது. படையெடுப்பை அப்போது எந்த அனைத்துலகச் சட்டமும் தனிமனிதக் குற்றமாக வைத்திருக்கவில்லை. மேலும், தீர்ப்புச் சொல்ல அமர்ந்த நாடுகளில் சில அப்போதும் ஆசியாவில் காலனிகளை வைத்திருந்தன. அணுகுண்டு போட்டவர்களை யாரும் விசாரிக்கவில்லை. வென்றவன் தோற்றவனை மட்டும் விசாரிப்பது பழிவாங்கலே தவிர நீதி ஆகாது என்பது அவர் நிலை.

சயாம் பாதையும் தீர்ப்பும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் நல்லது செய்தது என்று பால் எழுதவில்லை. கொடுமைகள் நடந்ததற்கு ஏராளமான ஆதாரம் இருப்பதை ஒப்புக்கொண்டார். அவற்றை நேரடியாகச் செய்தவர்கள் வேறு நீதிமன்றங்களில் தண்டனை பெற்றதையும் சுட்டிக்காட்டினார். சயாம் ரயில் பாதை தொடர்பாக சிங்கப்பூரிலும் வழக்குகள் நடந்தன. தோக்கியோவில் நின்ற தலைவர்கள்தான் அவற்றுக்கு உத்தரவிட்டார்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே அவர் முடிவு.

என்னால் தாண்ட முடியாத இடம் ஒன்று உண்டு. போர்க் கைதிகளை அந்தப் பாதையில் வேலை வாங்கியதற்கு தோஜோ பொறுப்பு என்பதை பால் ஏற்றார். ஆனால் அதை அரசின் செயலாகப் பார்த்தார், தனிமனிதரின் குற்றமாகப் பார்க்கவில்லை. 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் இறந்தார்கள். நம் தோட்டத் தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பேர் செத்ததற்கு 'அரசு' என்ற பெயர் மட்டும்தான் பொறுப்பு என்றால், என் பாட்டி யாரைக் கேட்பார்?

கூண்டில் ஏறாத பேரரசர்

விவாதத் தலைப்புக்கு நேரடியாகப் பயன்பட்ட செய்தி வேறொன்று. ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோ மீது குற்றச்சாட்டே வைக்கப்படவில்லை. 1945 ஜூலையில் நேச நாடுகள் விடுத்த போட்ஸ்டம் அறிவிப்பு, போர்க் குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை என்றது. பேரரசரின் கதி என்ன என்பதைச் சொல்லவில்லை. சரணடையும் பேச்சில் ஜப்பான் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான். ஆகஸ்ட் 15ஆம் நாள் பேரரசரே வானொலியில் பேசி, தம் படைகளைச் சரணடையச் செய்தார். அவருக்கு அன்றே கைது ஆணை போயிருந்தால் போர் இன்னும் நீண்டிருக்குமோ?

இதைச் சொல்லித்தான் நான் வாதிட்டேன். உகாண்டாவையும் சேர்த்துக்கொண்டேன். அங்கே 2005இல் கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனி மீது கைது ஆணை வந்தது. 2008இல் ஒப்பந்தம் தயாராக இருந்தும், ஆணை நீங்காமல் கையெழுத்துப் போட அவர் வரவில்லை.

எதிரணி மிலோசெவிச்சை எடுத்தது. 1999 மே மாதக் கடைசியில், கொசோவோ போர் நடக்கும்போதே அவர் மீது குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் அவர் படைகளைப் பின்வாங்க ஒப்புக்கொண்டார். 2001இல் ஹேக் நகரச் சிறைக்கும் போனார். ஆக, கைது ஆணை சமாதானத்தைத் தடுக்கவில்லை. குண்டுவீச்சுதான் அவரைப் பணியவைத்தது என்று நான் பதில் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே அரைகுறையாகத்தான் பட்டது.

பாலுக்குப் பிறகு

பால் தோக்கியோவோடு ஓய்ந்துவிடவில்லை. 1952 முதல் ஐக்கிய நாட்டுச் சபையின் அனைத்துலகச் சட்ட ஆணையத்தில் இருந்தார், இரு முறை தலைமையும் தாங்கினார். 1959இல் இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1967 ஜனவரி 10ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். 2005இல் தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். ஜப்பான் தவறே செய்யவில்லை என்று வாதிடுவோர் இன்று அவர் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். அவர் எழுதியது அதுவல்ல.

அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்திருக்கிறது. 2002இல் செயல்படத் தொடங்கிய அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், அதற்கு முன் நடந்தவற்றை விசாரிப்பதில்லை. குற்றம் எது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. மறுபாதிக்கு இன்னும் பதில் இல்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய நாடுகள் அதில் இல்லை. நம் மலேசியாவும் 2019 மார்ச்சில் இணைந்து, அடுத்த மாதமே விலகியது. ரஷ்ய அதிபர் புதின் மீது 2023இலும், இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு மீது 2024இலும் ஆணைகள் வந்தன. 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் போன புதினை அந்நாடு கைது செய்யவில்லை.

போட்டியில் நாங்கள் வென்றோம். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஜப்பான்காரத் துரைகள் மேல் கேஸ் போட்டார்களா இல்லையா என்று மட்டும் கேட்டார். போட்டார்கள் பாட்டி, தூக்கிலும் போட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பா பெயர் அந்தக் கேஸில் வந்ததா என்றார். எனக்குத் தெரிந்து வரவில்லை.

கைது ஆணை போரை நிறுத்தும் என்று நான் இன்னும் நம்பவில்லை. சில நேரம் நீட்டிக்கவும் செய்யலாம். ஆனால் நடந்தது குற்றம், அதைச் செய்தவருக்கு ஒரு பெயர் உண்டு என்று, பாதிக்கப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது எழுதி வைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக அது வேண்டும் என்பேன். அடுத்த முறை சீட்டில் மறுபக்கம் விழுந்தால், பாலைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வேன்: அந்த ஆணை வென்றவன் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.