அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபை இன்றைய மாணவர்க்கு அறிமுகப்படுத்தப் புகுந்தால், சென்னை அண்ணா சாலையில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மகளிர் கல்லூரியையே முதலிற் சுட்ட வேண்டியுள்ளது. பெயர் நிலைத்துவிட்டது, ஆளை மறந்துவிட்டோம். நம் பள்ளிகள் அடிப்படை உரிமைகளைக் கற்பிக்கும் முறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு இப்பெருமகனாரின் நினைவே எழுகிறது.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நெல்லைப் பேட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தரை இளமையிலேயே இழந்தார். அன்னையாரே அரபும் மார்க்க அறிவும் ஊட்டி வளர்த்தார். நெல்லையிலும் திருச்சியிலும் சென்னையிலும் பயின்று, பட்டத் தேர்வை நெருங்கிய வேளையில், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். பின்னர்த் தோல் வணிகம். அதன்பின் முஸ்லிம் லீக். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். பிரிவினைக்குப் பின் லீக்கைக் கலைத்துவிடுமாறு பலரும் கூறிய காலத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடிய கூட்டம் அதனைத் தொடர்வதென முடிவு செய்து, அவரையே தலைவராக்கியது. அந்நாளில் அதற்கு நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

அவ்வாண்டே அரசியல் நிர்ணய சபையில் அவர் குரல் ஒலித்தது. அதனைக் கூறுமுன் என் பள்ளி நாளைப் பற்றி ஒரு சொல். அரூரில் பயின்ற எங்களுக்குக் குடிமையியல் என்பது ஒப்புவித்தல். சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை என ஆறனையும் வாய்ப்பாடு போல் பாடுவோம். ஏழாக இருந்தவற்றுள் சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் நீங்கி ஆறாயிற்று என்பதையும் சேர்த்தெழுதினால் முழு மதிப்பெண். 1992 ஜூன் 20 அன்று, எங்கள் ஊருக்கு அண்மையில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களை அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். அவ்வாண்டும் நாங்கள் ஆறு உரிமைகளைப் பிழையின்றி எழுதினோம். அவ்விரண்டையும் இணைத்து யாரும் எங்களுக்குக் கூறவில்லை. குற்றம் சாட்டப்பெற்ற 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்ததையும், உயர்நீதிமன்றம் 2023இல் அதனை உறுதி செய்ததையும் நாளிதழ்களிற்றான் படித்தேன்.

உரிமை என்பது எவரோ எழுதிவைத்த பட்டியல் அன்று. மனிதர் எழுந்து நின்று கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் கேட்பது. இதனைப் பிள்ளைகளுக்குக் காட்ட 1948 நவம்பர் 23ஆம் நாள் நிகழ்ந்த விவாதத்தினும் சிறந்த பாடம் எனக்குக் கிட்டவில்லை. நாடு முழுமைக்கும் ஒரே உரிமையியல் சட்டம் என்னும் வரைவுப் பிரிவு அன்று விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகப் பிரிவும் தனக்குரிய தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என ஒரு வரம்பைச் சேர்க்குமாறு இஸ்மாயில் சாகிபு திருத்தம் முன்மொழிந்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று கேட்டாரல்லர். எல்லாப் பிரிவினர்க்கும் கேட்டார். ஒற்றுமைக்கு ஒருமுகத்தன்மை இன்றியமையாததன்று என்பது அவர் வாதம். யூகோஸ்லாவிய நாடு தன் முஸ்லிம் குடிகளுக்கு அளித்த உறுதியை அவர் சான்றாகக் காட்டினார்.

மறுத்தவர்களும் எளியவர்கள் அல்லர். முன்ஷி எழுந்தார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எழுந்தார். அம்பேத்கரோ, எல்லைப்புற மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தைப் பின்பற்றியதையும், வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடமும் வழங்கியதையும் எடுத்துக்காட்டினார். நம் பெரியவர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். கடக்கலாகாது, ஏனெனில் அவை வலுவான சான்றுகள். ஆயினும், விரும்புவோர்க்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும் எனத் தொடக்கத்தில் நாடாளுமன்றம் விதிக்கலாம் என்று அம்பேத்கர் கூறியதையும் உடன் படிக்க வேண்டும். திருத்தம் தோற்றது. அப்பிரிவு 44ஆம் உறுப்பாக, நீதிமன்றம் வழியே நடைமுறைப்படுத்த இயலாத வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக அமைந்தது.

மறு ஆண்டு மே மாதம் தனித்தொகுதி கேட்டார், அதிலும் தோல்வியே. அங்கே அவரை மறுத்தவர்களுள் லீக்கில் இருந்தே வந்த பேகம் ஐஜாஸ் ரசூலும் ஒருவர். ஒரு சமுதாயத்துக்குள்ளும் கருத்து இரண்டு படலாம் என்பதை எந்தப் பாடநூல் இதனினும் தெளிவாகக் காட்டும்?

தோற்றவர் சபையை வெறுத்து ஒதுங்கினாரல்லர். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 ஆகிய தேர்தல்களில் மஞ்சேரியில் வென்று மக்களவையிலும், தாம் விரும்பியவாறு எழுதப்படாத அந்தச் சாசனத்தின் கீழேயே பணியாற்றினார். சிறுபான்மையினர் கல்வி நிலையம் நிறுவிக்கொள்ளும் உரிமையை வழங்கிய 30ஆம் உறுப்பும் அதே சாசனத்தில்தான் உள்ளது. நம் கல்லூரி போன்றவற்றின் காப்பும் அதுவே. 1972 ஏப்ரலில் மறைந்த அவர், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். 1991இல் நாகை மாவட்டத்திற்குச் சூட்டப்பெற்ற அவர் பெயர், தலைவர் பெயர்கள் நீக்கப்பட்ட 1997இல் அகன்றது.

என் வகுப்பில் ஆண்டுதோறும் அந்த நவம்பர் விவாதத்தைப் பெயர்களின்றிச் சுருக்கி அளித்து, இரு அணியாகப் பேசச் செய்கிறேன். தாம் ஏற்காத அணியில்தான் ஒவ்வொருவரும் பேச வேண்டும். இறுதியில் வாக்கெடுப்பு. சென்ற ஆண்டு திருத்தம் மூன்று வாக்கில் வென்றது; அதற்கு முந்தைய ஆண்டு தோற்றது. பேசியவர் யாவர் என்பதை நான் வெளியிட்டதும், சபைக் குறிப்புகள் நூலகத்தில் உள்ளனவா எனப் பின்வரிசை மாணவர் இருவர் கேட்டனர்.