தப்பைத் திருப்பி அனுப்பிய அடா

வீட்டில் கரண்டு பல்பு கூட எரியாத காலத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதினார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் அடா லவ்லேஸ். 1815 டிசம்பர் 10-ல் லண்டனில் பிறந்தார். அப்பா புகழ்பெற்ற கவிஞர் பைரன். பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மகளுக்கும் கவிதைப் பித்து வந்துவிடக் கூடாதென்று அம்மா கணக்கையே ஊட்டி வளர்த்தார்.

1833-ல், 17 வயதில், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் பிறகு திட்டமிட்ட அனலிட்டிகல் எஞ்சின், துளை போட்ட அட்டைகளைப் பார்த்து இயங்க வேண்டிய பல்சக்கர இயந்திரம். அட்டை என்றதும் மேச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். தறியில் டிசைனுக்குத் தொங்குமே, அதே ஜக்கார்டு அட்டைதான்! தறி ஓட்டுகிற என் அப்பாவிடம் இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சிரிப்பு.

அந்த எஞ்சினைப் பற்றி இத்தாலிய எஞ்சினியர் மெனாப்ரேயா 1842-ல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலமாக்கிய அடா, சொந்தக் குறிப்புகளையும் சேர்த்தார். 1843-ல் அச்சானபோது குறிப்புகள் கட்டுரையைப் போல மூன்று மடங்கு! கடைசிக் குறிப்புக்கு பெர்னௌலி எண்களை உதாரணமாக எடுத்துக்கொண்டார். சிரமம் வேண்டாமென்று அல்ஜீப்ராவை பாபேஜே போட்டுக் கொடுத்தார். அதில் பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார் அடா. 1864-ல் வந்த தன் வரலாற்றில் பாபேஜே இதை எழுதியிருக்கிறார்.

மெஷினையே வடிவமைத்தவரிடம் தப்பு இருக்கு என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! நம் சி புத்தகங்கள் சிலவற்றில் டர்போ சி காலத்து உதாரணங்கள் அப்படியே கிடக்கின்றன. திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்க்ரீன் வரியை லினக்ஸில் போட்டால் எரர்தான் வரும். வீட்டில் முதலில் படிக்க வந்த என்னைப் போன்றவர்கள் யாரிடம் கேட்பது? புத்தகம் சரி, நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

முதல் ப்ரோகிராமர் அடாவா பாபேஜா என்று சண்டை உண்டு. பாபேஜ் முன்பே சில எழுதி வைத்திருந்தது உண்மை. ஆனால் அடுத்தவருக்குப் புரியும்படி விளக்கி அச்சில் கொடுத்தவர் அடா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எஞ்சின் முழுதாகக் கட்டப்படவே இல்லை. 1852 நவம்பர் 27-ல், 36 வயதில், புற்றுநோயால் அடா இறந்தார். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம். 1980-ல் வந்த ப்ரோகிராம் மொழிக்கு அவர் பெயர். அதன் ராணுவத் தர எண்ணும் 1815.

இன்னொரு சங்கதி. அடாவின் அந்த 25 வரி அட்டவணையிலும் ஒரு தப்பு உண்டு. நான்காவது வரியில் 7-ஐ 9-ஆல் வகுக்க வேண்டியது, 9-ஐ 7-ஆல் வகுக்கும்படி அச்சாகியிருக்கிறது. இன்று அதை சி மொழியில் எழுதி ஓட்டுபவர்கள் அந்த வரியைத் திருப்பிப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். வர வேண்டிய விடை மைனஸ் 1/30.